பின்பக்கத்து ஐந்து கதவுகள்

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர் வேலை காலி என்று கேள்விப்பட்டுக் கம்பளையிலிருந்து பஸ் ஏறினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், தோட்டங்களில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இது கிடைக்காவிட்டால் மாமாவின் துணிக்கடைதான். கடை என்றால் நாள் முழுக்க ஆட்களோடு பேச வேண்டும். கிளாக்கருக்குக் காகிதம் போதும். தலைமையாசிரியர் கொடுத்த நற்சான்றுக் கடிதத்தை வழியெல்லாம் எடுத்து எடுத்து வாசித்தேன்.

பெரிய கிளாக்கர் கேட்டருகில் நின்று வெள்ளைக்காரத் துரையின் பங்களாவைக் காட்டினார். கருங்கல் கட்டடம். இரண்டு பக்கமும் ஒவ்வோர் அறை முன்னே துருத்திக்கொண்டு நின்றது.

"இடது கோடிதான் ஆபீஸ் ரூம், தம்பி. முன்வாசல்ல ஏறிடாதீங்க, தொரைக்குப் பிடிக்காது. பின்னால சுத்திப் போங்க."

பின்னால் ஐந்து கதவுகள், எல்லாம் ஒரே பச்சை. சொன்னபடி இடது கோடிக்குப் போனேன். வீட்டைச் சுற்றி வந்தால் இடது வலதாகிவிடும் என்பது பதற்றத்தில் தோன்றவில்லை. தட்டினேன். முழ அகலச் சுவர். உள்ளே கேட்டதோ இல்லையோ, பதில் வரவில்லை. மெல்லத் தள்ளினேன்.

தொட்டியில் துரை இருந்தார். முகமெல்லாம் சவர்க்காரம், கண்கள் மூடியிருந்தன. தண்ணீர்க்காரர் வந்து போவதற்கென்று குளியலறைக்கு வெளியிலிருந்து கதவு வைத்துக் கட்டியிருந்தார்கள்.

"என்ன லேட்? சுடுதண்ணி ஊத்து!"

என்னைத் தண்ணீர்க்காரர் என்று நினைத்துவிட்டார். வெளியே கல்லடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர்த் தகரத்தைத் தூக்கி வந்து ஊற்றினேன். அக்குளில் இடுக்கியிருந்த கடிதமும் தொட்டியில் விழுந்தது.

துரை கண்ணைத் திறந்தார். "நீ யாரு?"

"கிளாக்கர் வேலைக்கு வந்தேங்க. அது... என் கடிதாசிங்க."

அவர் அதை எடுத்துப் பார்த்தார். மை முழுதும் தண்ணீரில் போயிருந்தது.

"என்ன எழுதியிருந்துச்சு?"

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, மனப்பாடமாகியிருந்ததை இங்கிலீஷில் ஒப்பித்தேன். அடக்கமானவன், ஒழுக்கமுள்ளவன், அனுமதியின்றி எங்கும் நுழையாதவன். கடைசி வரிக்குத் துரை சிரித்த சிரிப்பு கல் சுவரில் மோதி மோதித் திரும்பியது.

"போ, முன்வாசல்ல நில்லு. வர்றேன்."

வேலை கிடைத்தது. மறுநாள் பெரிய கிளாக்கர் வெள்ளைப் பெயின்டும் தூரிகையும் நீட்டினார். "தொரையோட ஓடருங்க, தம்பி. அஞ்சு கதவுலயும் ரூம் பேரு எழுதணுமாம். நீங்க குளிப்பாட்டின ரூம்ல இருந்தே ஆரம்பிங்க."

கிளாக்கராக நான் முதலில் எழுதியது அந்தக் கதவில்தான். எழுதும் முன் மூன்று முறை தட்டினேன்.