தட்டாமல் வந்த மீன்கள்

பதினாறு வருஷமாக ஆய்வுக்கூடத்தில் மீன்தொட்டி கழுவும் அக்காவுக்கு இடது கண் இருட்டு. அந்தப் பக்கமாக யாராவது சத்தமில்லாமல் வந்தால் எரிந்து விழுவாள். அதனால்தான், சோதனைக்காக விழித்திரை கெடுக்கப்பட்ட மீன்களுக்கு இரை போடுமுன் தொட்டியை இரண்டு தட்டு தட்டுவாள். மூன்றே நாளில் மீன்கள் ஓடிவந்தன. பார்வை திரும்பிவிட்டதென்று ஆராய்ச்சி நடத்தும் டாக்டரம்மா தலைகால் புரியாமல் குதித்தாள்.

"நான் தட்டுறேன், அதான் வருதுங்க," என்று அக்கா போட்டு உடைத்தாள். டாக்டரம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று.

பிறகு கை துறுதுறுத்தாலும் அக்கா தட்டவில்லை. நான்காம் வாரம், கண்ணாடிக்கு வெளியே நீட்டிய வெறுங்கையைக் கண்டே மீன்கள் மொய்த்தன.

"விழித்திரை புதுசா முளைச்சிருக்குக்கா! முளைக்க வைக்கிற செல் நம்ம கண்ணுலயும் இருக்கு. மீனுக்கும் நமக்கும் ஒரே பூர்வீகம். நமக்குத்தான் அந்த வித்தை மறந்துபோச்சு," என்றாள் டாக்டரம்மா.

"மறந்துதானே போச்சு?" அக்கா இடது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தொலைஞ்சு போகலையே!"