தையல் இல்லாத சட்டை

வாயில் மூன்று குண்டூசிகளைக் கவ்வியபடியே பேசுகிறார் தையல்காரர். ஊசிகள் விழுவதில்லை, சொற்களில்தான் ஒன்றிரண்டு விழுந்துவிடுகின்றன. தெருவில் அவருக்குப் பெயர் ‘அரையிஞ்சு’. யாருக்கு வெட்டினாலும் அளவுக்குமேல் அரை இஞ்சு கூட்டித்தான் வெட்டுவார். “உடம்பு வளரும், துணி வளருமா?” என்பது அவர் கட்சி.

வளர்ந்ததும் சட்டையையே கழற்றிப் போட்டுவிடுகிற ஜீவன்மீது அவருக்குத் தீராத மரியாதை. வெட்டுமேசைக்குப் பின்னால், காலர் அட்டைகளுக்குப் பக்கத்தில், ஐந்து பாம்புச் சட்டைகள் ஆணியில் தொங்குகின்றன. துணி கொடுக்க வருகிறவர்களிடம் ஒன்றை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேரே பிடிப்பார்.

“எங்கயாவது தையல் தெரியுதா? வயித்துல அகலப் பட்டை, தரையைப் பிடிச்சு நகர. முதுகுல சின்னச் செதில், நடுவுல எல்லாம் மடிப்பு. எலியை முழுசா முழுங்கினாலும் கிழியாது. நமக்கு ஒரு விருந்து சாப்பிட்டா பட்டன் தெறிக்குது. கண்ணுக்கும் சேர்த்துப் போட்டிருக்கு பாருங்க, கண்ணாடியாட்டம்.”

போன வியாழக்கிழமை ஆறாவது சட்டை கடைக்குள்ளேயே கிடந்தது. பார்த்தவர் அவருடைய மச்சினி. கடையின் நான்கு மிஷின்களில் இரண்டாவதில் உட்காருகிறவர். திங்கட்கிழமைக்குள் தொண்ணூறு பள்ளிச் சீருடைகள் முடிய வேண்டும். மச்சினியோ தன் கத்தரிக்கோலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“மாமா, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். சட்டையோட தலை துணிமூட்டைப் பக்கம் இருக்கு. உள்ளதான் பூந்திருக்கு.”

பக்கத்துப் பட்டறை வெல்டர் இரும்புக் கம்பியோடு வந்து நின்றார். “நகருங்கண்ணே, ஒரே போடு.”

தையல்காரர் வாயிலிருந்த ஊசிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். கடையில் யாரும் பார்த்திராத காரியம் அது. பிறகு முழங்காலிட்டுச் சட்டையின் தலைப்பக்கத்தை உற்றுப் பார்த்தார்.

“கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல குட்டிக் குட்டியா செதில் ஒட்டு இருக்கு. நல்ல பாம்புக்கு அந்த ஒட்டு கிடையாது. இது சாரை. விஷமில்ல.”

“சாரையோ கீரையோ, மூட்டைக்குள்ள இருக்குல்ல?” என்றார் மச்சினி.

தையல்காரர் வெல்டரைத் திரும்பிப் பார்த்தார். “நீ பனியனை எப்படிக் கழட்டுவே?”

“தலைவழியா இழுத்துத்தான்.”

“உள்பக்கம் வெளிய வந்துடுமில்ல? இதுவும் அப்படித்தான். உதட்டுல பிரிச்சு, பின்னால சுருட்டி விட்டுட்டு, முன்னால ஊர்ந்து போயிடும். தலைத்துணி பின்தங்கிடும். கடைசியா வால் கழண்ட பக்கம்தான் ஆள் போன பக்கம்.”

எல்லாருடைய கண்களும் வால் நுனிக்குப் போயின. அது பின்வாசலைக் காட்டியது. அப்பால் கால்வாய்க்கரைப் புதர். சந்தேகத்துக்கு மூட்டையையும் பிரித்தார்கள். பழைய எலிப்புழுக்கைதான் கொட்டியது.

“ரெண்டு மாசமா துணியில எலிக்கடி இல்லையே, ஏன்னு நினைச்சே?”

மச்சினியின் கத்தரிக்கோல் பையிலிருந்து பாதி வெளியே வந்தது. “திரும்பி வந்தா?”

“வந்தா பெடல்லேர்ந்து காலைத் தூக்கிடு. தரை அதிர்ந்தா அது மிரளும்.”

“தூக்கினா, காலு வீட்டுலதான் போய் நிக்கும்.”

சனிக்கிழமை மத்தியானம் அது வந்தது. ஆள் நீளத்துக்குமேல் இருந்தது. புதுச்சட்டையின் பளபளப்போடு பின்வாசல் படியில் தலையை வைத்து நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது. தையல்காரர் காலைத் தூக்கிக்கொண்டார். ஊசிகளை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மூன்றாவது மிஷின் நின்றது, நான்காவதும் நின்றது. இரண்டாவது மட்டும் தடதடத்துக்கொண்டிருந்தது. மச்சினியின் பார்வை பையின்மேல் போயிற்று. பிறகு பாம்பின்மேல் போய் அங்கேயே நின்றது. மெல்லக் காலைத் தூக்கி ஸ்டூல் கம்பியில் வைத்தார். இன்னும் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார்.

பாம்பு சுவரோரமாக மூட்டைப் பக்கம் போயிற்று.

“மாமா,” என்றார் மச்சினி கிசுகிசுப்பாக, “இதுக்கும் அரையிஞ்சு கூட்டித்தான் தைச்சிருக்கு.”

தையல்காரர் கையிலிருந்த மூன்று ஊசிகளையும் ஒவ்வொன்றாக உதட்டில் செருகிக்கொண்டார்.