வெளிநாட்டார் ஓட்ட, பக்கத்து சீட்டில் நான்

வெளிநாட்டுக்காரர்களுக்கு டிரைவிங் சொல்லிக்கொடுக்கும் தொழிலுக்கு வந்தால், உலகத்தில் எத்தனை பாஷையில் 'ஐயோ' சொல்லலாம் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். நான் பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். பெயர் ஸ்டெல்லா. ஒரு வெள்ளைக் கார், அதில் இடது பக்க சீட்டுக்குக் கீழே எனக்கென்று தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். இவ்வளவுதான் என் டிரைவிங் ஸ்கூல். முதலில் அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் வந்தார்கள். எங்கள் தெருவின் பழைய பங்களாக்களை இடித்து அடுக்குமாடி கட்டியதும், வேலைக்காக இந்த ஊருக்கு வந்த வெளிநாட்டார் அங்கே குடிவந்தார்கள். அவர்களும் என்னிடம் வர ஆரம்பித்தார்கள்.

தினமும் சிக்னலில் நின்று நொந்துபோகும் உங்களுக்கு இந்த ஊர் டிராஃபிக்கைப் பற்றி நான் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிட முடியாது. நீங்கள் பட்ட பாட்டையேதான் நானும் பட்டேன். என்ன, அதை முதல்முறையாகப் பார்த்து மிரண்டுபோனவர்கள் ஓட்டும் காரில் உட்கார்ந்துகொண்டு பட்டேன்.

யார் சாரி சொல்வது

கத்ரின் ஜெர்மனியிலிருந்து வந்த இன்ஜினியர். ஊருக்கு வெளியே ஆனேக்கல் பக்கம் ஒரு மெஷின் தொழிற்சாலையில் வேலை. என்னைவிட ரொம்பச் சின்னவள். அவள் ஊரில் டிரைவர் சீட் இடது பக்கம், அதனால் முதல் சில நாட்கள் நேராக வந்து என் சீட்டில் உட்கார்ந்துவிடுவாள். பிறகு இருவரும் சிரித்துக்கொண்டே இடம் மாறுவோம். அதெல்லாம் சீக்கிரம் சரியாகிவிட்டது. ஹாரன் அடிக்கத்தான் வரவில்லை. "எங்கள் ஊரில் ஹாரன் அடித்தால் எதிராளியைத் திட்டுவது மாதிரி" என்றாள்.

ஒருநாள் ஒரு குறுகலான சந்தில் தண்ணீர் லாரி ஒன்று எங்களைப் பார்க்காமல் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. கத்ரின் வண்டியை நிறுத்திவிட்டு, டிரைவர் பார்ப்பார் என்று பொறுமையாகக் காத்திருந்தாள். லாரியின் பின்பக்கத்தில் எழுதியிருந்த செல் நம்பர் எனக்குக் கண்ணாடி போடாமலே தெரிய ஆரம்பித்ததும், நான் எட்டி ஹாரனை அழுத்தினேன். லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். கத்ரின் வெளியே தலையை நீட்டி, "சாரி சார், சாரி சார்" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், ஹாரன் மேலேயே இருந்த என் கையைப் பார்த்தார். பிறகு என்னிடம் நிதானமாகக் கேட்டார்: "ஏம்மா, அடிச்சது நீ, சாரி சொல்றது அவங்களா?"

சாப்பாடு ஆச்சா

ஒடியாம்போ நைரோபிக்காரர். ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் பெரிய வேலை. சொந்த ஊரில் பல வருடம் ஓட்டியவர், அங்கேயும் ரோட்டின் இடது பக்கம்தான் ஓட்டுவார்கள். இந்த ஊர் ரோட்டுக்குக் கை பழகினால் போதும் என்று வந்தார். நான் சட்டம், சிக்னல், லேன் என்று ஆரம்பித்தேன். அவர் பணிவாகக் கேட்டுவிட்டு, "அது புத்தகத்தில் இருக்கிறது மேடம், ரோட்டில் என்ன வழக்கம்?" என்றார்.

மூன்றாவது வகுப்பில், ஒருவழித் தெருவில் ஒரு ஆட்டோ எதிர்த்திசையில் வந்து எங்கள் மூக்கில் முட்டுவது போல நின்றது. தப்பு அந்த ஆட்டோக்காரர் மேல்தான். தப்பு தன் மேல் என்ற கோபத்தையும் சேர்த்துக்கொண்டு அவரே இறங்கி வந்தார். இதற்கெல்லாம் என்னிடம் தமிழிலும் கன்னடத்திலும் தயாராக வசனம் உண்டு. நான் தொண்டையைச் செருமுவதற்குள் ஒடியாம்போ தன் பக்கக் கண்ணாடியை இறக்கி, ஆபீஸ் கேன்டீனில் கற்றுக்கொண்ட ஒரே கன்னட வாக்கியத்தைச் சொன்னார்: "ஊட்டா ஆய்த்தா?" சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம்.

ஆட்டோக்காரர் அப்படியே நின்றார். "ஆய்த்து சார்" என்று அவர் வாயிலிருந்து தானாக வந்தது. "நிம்து?" என்று அவரும் பதிலுக்கு விசாரித்தார். ஒடியாம்போவுக்கு அதற்கு மேல் கன்னடம் தெரியாததால் சிரித்தார். ஆட்டோக்காரர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "நானே ரிவர்ஸ் எடுத்துக்கிறேன் அக்கா. சண்டைக்கு வந்தவனைப் பார்த்து சாப்பிட்டியான்னு கேட்டா, நான் என்னதான் பண்றது?"

நாலு பேர் நாலு விதமாக

மல்லேஸ்வரத்தில் பண்டிகைக்கு முந்தின நாள் பார்க்கிங் கற்றுக்கொடுக்கப் போனது என் தைரியம் என்றுதான் சொல்ல வேண்டும். மார்க்கெட்டுக்குப் பக்கத்துக் குறுக்குத் தெருவில் இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு இடம் கிடைத்தது. கத்ரின் ரிவர்ஸ் போட்டதுதான் தாமதம், எங்கிருந்தோ நான்கு ஆண்கள் வந்துவிட்டார்கள். உங்களுக்கும் இவர்களைத் தெரியும். ஒருவர் 'வா வா' என்கிறார், ஒருவர் 'நில்சி' என்று நிறுத்தச் சொல்கிறார், மூன்றாமவர் கையைச் சுற்றுகிறார், நான்காமவர் டிக்கியைத் தட்டுகிறார். கத்ரின் முகம் சிவந்துவிட்டது. இன்ஜினை அணைத்தாள். சரி, இன்றைக்கு வகுப்பு முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் இறங்கிப் போய், பிளாட்பாரத்தில் செவ்வந்திக் கூடைகளோடு உட்கார்ந்திருந்த பூக்கார அம்மாவின் முன்னால் குனிந்தாள். கார் இடித்தால் முதலில் போகப்போவது அவருடைய கூடைதான். "நீங்கள் மட்டும் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். பிறகு அந்த நான்கு பேரையும் பார்த்து, உதட்டில் விரலை வைத்துப் புன்னகைத்தாள். பூக்கார அம்மா எழுந்து, கூடையை ஒரு கண்ணாலும் சக்கரத்தை ஒரு கண்ணாலும் பார்த்தபடி ஒற்றைக் கையால் வழி காட்டினார். ஒரே முறையில் கார் உள்ளே போய் நின்றது. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இந்த ரோட்டுல நாலு ஆம்பளைங்க வாயை மூடிக்கிட்டு நின்னதை நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்."

ஆனேக்கல் வரை

கத்ரினுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. ஆனால் அவள் கம்பெனி, வெளிநாட்டு ஊழியர்கள் தாங்களே ஓட்டக் கூடாது என்றது. காலையில் ஒரு கார் வந்து கூட்டிப்போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். "நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு பார்சல், ஸ்டெல்லா" என்றாள் ஒருநாள். "யாராவது எடுக்கிறார்கள், யாராவது இறக்கிவைக்கிறார்கள். நடுவில் ஒரு டீக்கடையில் நிற்கக்கூட நான் கேட்க வேண்டும்." அவள் பலமுறை கேட்ட பிறகு, கம்பெனியின் அட்மின் மேனேஜர் நாகராஜ் ஒரு வழிக்கு வந்தார். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து தொழிற்சாலை வரை அவள் ஓட்ட வேண்டும், பின்சீட்டில் அவர் உட்கார்ந்து பார்ப்பார். கார் என்னுடையது. "நீங்க ஒரே ஒரு தடவை உங்க பிரேக்கை மிதிச்சாலும் பர்மிஷன் இல்லை மேடம்" என்று என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்று காலை நான் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். ஓசூர் ரோட்டில் எல்லாம் நன்றாகவே போனது. சந்தாபுராவுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. பின்னால் ஆம்புலன்ஸ் சைரன். எல்லோரும் கேட்டோம், யாரும் அசையவில்லை, அசைய இடமும் இல்லை. கத்ரின் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தாள். "இடது பக்க ஆட்டோவை இன்னும் இடது பக்கம் போகச் சொல்லு" என்றாள். நான் கண்ணாடியை இறக்கி, "அண்ணா, கொஞ்சம் லெஃப்ட்ல ஏத்துங்க, பின்னாடி ஆம்புலன்ஸ்" என்றேன். ஆம்புலன்ஸுக்கு நடுவில் வழி விட இரு வரிசையும் இரு பக்கம் ஒதுங்குவது அவள் ஊர் வழக்கம்; அதன்படி அவள் காரை வலது பக்கம் ஒடித்தாள். நடுவிலிருந்த தடுப்புச் சுவர் அவள் பக்கத்துக் கண்ணாடியை உரசுவது போல வந்தது. என் கால் தானாக எழுந்தது. அதை இன்னொரு காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஒரு விரல் இடைவெளியில் கார் நின்றது.

ஆட்டோ மண்ணில் ஏறியது. அதைப் பார்த்து அடுத்த வேன் நகர்ந்தது, எங்களுக்கு முன்னாலிருந்த கார் வலது பக்கம் ஒதுங்கியது. இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு வழி பிறந்து, அதில் ஆம்புலன்ஸ் போனது. உள்ளே ஒரு பெண் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தது ஒரு நொடி தெரிந்தது. ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு பறக்க பைக்குகள் கிளம்புவதற்குள் கத்ரின் தன் வரிசைக்குத் திரும்பியிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தொழிற்சாலை கேட்டில் வண்டி நின்றது. நாகராஜ் இறங்கி, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு என் ஜன்னல் பக்கம் வந்தார். "பர்மிஷன் ஓகே. உங்க கால் பிரேக்கைத் தொடவே இல்லை மேடம், பின்னாடி நான்தான் வழி முழுக்க மிதிச்சுக்கிட்டே வந்தேன்."

கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. கத்ரின் யாரையும் கேட்காமல் அங்கே காரைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

சனிக்கிழமை காலை

அடுத்த வாரம் நாகராஜிடமிருந்து போன் வந்தது. கத்ரின் எங்கேயாவது இடித்துவிட்டாளோ என்று எனக்குப் பக்கென்றது. இல்லை, அவள் தினமும் தானே ஓட்டிக்கொண்டு வருகிறாளாம், இன்னும் இரண்டு வெளிநாட்டு இன்ஜினியர்களும் பர்மிஷன் கேட்டிருக்கிறார்களாம். அப்படியானால் அவர்களையும் அனுப்பி வையுங்கள் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அவங்க அப்புறம் வரட்டும் மேடம். நான் ஆனேக்கல்லயே பிறந்தவன், இருபது வருஷமா கம்பெனி வண்டியில பின்னாடியே உக்காந்து வரேன். எனக்கு ஓட்டத் தெரியாது. சனிக்கிழமை காலைல ஃப்ரீயா இருப்பீங்களா?"

இத்தனை நாட்டுக்காரர்களை இந்த ஊர் ரோட்டில் இறக்கிவிட்ட பிறகு எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: பெங்களூரு டிராஃபிக்கில் உள்ளூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் என்றெல்லாம் யாரும் கிடையாது, ஓட்டத் துணிந்தவர்களும் பின்சீட்டில் உட்கார்ந்து பயப்படுகிறவர்களும் மட்டும்தான்.