குட்டைத் தண்ணின்னு சொன்ன வாயி

மூத்த பேத்தி டாக்டர் ஆயிட்டா. சின்னவ பேங்க்ல ஆபீசர். பேரன் சின்ன காஞ்சிபுரத்துல எங்க பழைய கோலி சோடா கடையை மறுபடியும் திறந்துட்டான்.

எழுபதுகள்ல அதை ஏன் மூடினோம் தெரியுமா?

பச்சை பாட்டில்ல எலுமிச்சை கூல்டிரிங்க் புதுசா வந்துச்சு. கருட சேவைக் கூட்டத்துல அதை ஓசியா கொடுத்துக்கினு அந்தக் கம்பெனி ஏஜென்ட் மைக்ல கத்தினான்: "கோலி சோடா குட்டைத் தண்ணி, குடிக்காதீங்க!" அதோட எங்க வியாபாரம் படுத்துடுச்சு.

இன்னைக்கு அதே ஆளு தடி ஊனிக்கினு வந்தான். "நெஞ்சு கரிக்குதும்மா, ஒரு கோலி சோடா குடு."

"குட்டைத் தண்ணிதான், பரவாயில்லையா?"

முழிச்சான். என்னை அடையாளம் தெரிஞ்சிடுச்சு.

"நல்ல தண்ணின்னு இங்க நிக்கிற எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு, தர்றேன்."

மூணு தடவை சொல்ல வச்சுதான் பாட்டிலைக் கொடுத்தேன்.

நாலாவது தடவையும் சொல்ல வச்சிருக்கணுமா, சொல்லுங்க.

பேராண்டி, அவன் குடிக்கச்சே எடுத்தியே, அந்த போட்டோவை இதுக்குக் கீழ போடுப்பா.