கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு கையெழுத்து

ஓமானில் நான் நர்சாக இருந்த மலையடிவார ஊரில் பெண்ணின் பெயர் தனியாக நிற்காது. 'பின்த்' என்று சேர்த்து அப்பாவின் பெயரையும் சொல்லியாக வேண்டும். பின்த் என்றால் மகள். எண்பது வயதுக் கிழவிகள்கூட ஆஸ்பத்திரிச் சீட்டில் இன்னாரின் மகள் என்றுதான் பதிந்துகொள்வார்கள். தினமும் காலையில் அலுவலக எழுத்தர் சாலிம் வருகைப் பதிவேட்டைப் பார்த்து உரக்கப் படிப்பார்: "சாந்தி பின்த் முனுசாமி." நான் கை தூக்குவேன். முனுசாமி என்னை மகள் என்று சொல்லி நான்கு வருஷமாகியிருந்தது சாலிமுக்குத் தெரியாது.

கச்சிராயபாளையத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம். கடலூரில் நர்சிங் முடித்ததும் திருக்கோவிலூரில் எனக்கு மாப்பிள்ளை பார்த்து அப்பா வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார். அந்த வாரமே ஓமான் வேலைக்கான கடிதமும் வந்தது. இரண்டு வருஷம் பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். மாப்பிள்ளை வீட்டார் பொறுக்கவில்லை. ஊர் நடுவில் தலைகுனிந்து நின்ற அப்பா, நான் கிளம்பும்போது முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "போறவ போ. எனக்குப் பொண்ணு ஒண்ணுதான்னு நெனச்சிக்கிறேன்." அந்த ஒன்று என் தங்கை செல்வி. அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் அவர் பதில் எழுதவில்லை. செல்விதான் எழுதுவாள். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எண்பதுகளின் பிற்பகுதியில் என் பாஸ்போர்ட் முடியும் காலம் வந்தது. மஸ்கட் போய் இந்தியத் தூதரகத்தில் புதுப்பிக்க மனு கொடுத்தேன். சொந்த ஊரில் விசாரித்துப் பதில் வர வேண்டும், தகப்பனார் அங்கே போலீஸில் நேரில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பேருந்தில் திரும்பி வரும்போது வழியெல்லாம் மலைகள். ஒரு மரம்கூட இல்லாத, சுட்ட செங்கல் நிற மலைகள். எங்கள் வயல் வரப்பிலிருந்து பார்த்தால் கல்வராயன் மலை மழைக்காலத்தில் கறுத்துத் திரண்டு நிற்கும். வெள்ளிமலைப் பக்கம் மேகம் இறங்கினால், நாளைக்குக் கோமுகி ஆற்றில் தண்ணீர் வரும் என்று அப்பா சொல்வார். அந்தக் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. பாஸ்போர்ட் வராவிட்டால் ஐந்து வாரத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் யார் வீட்டுக்குப் போவது?

செல்வியிடமிருந்து கடிதம் நின்றுபோனது. மலையாளி கடையில் கிடைத்த பழைய தமிழ்ப் பேப்பரில் பார்த்தேன். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் சாலை மறியல், மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள், பஸ் ஓடவில்லை. நான் வாடிக் கிடப்பதைப் பார்த்த சாலிம் என்ன விஷயம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில், அப்பா என்னோடு பேசுவதில்லை என்று சொல்ல நினைத்து, "பாபா மாஃபி கலாம்" என்றேன். அப்பாவுக்குப் பேச்சு இல்லை என்றுதான் அதற்கு அர்த்தமாகும். சாலிம் அதைப் பக்கவாதம் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் ஒரு தட்டுப் பேரீச்சம்பழத்தோடு வந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் எல்லோரும் என் அப்பாவுக்குப் பேச்சு திரும்பி வர வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். நான் தப்பைத் திருத்தவில்லை. அவர்கள் வேண்டிக்கொண்டதும் நான் வேண்டிக்கொண்டதும் ஒன்றுதானே.

கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போது பாஸ்போர்ட் வந்துவிட்டது. அப்பாவுக்குப் பதிலாக ஒன்றுவிட்ட சித்தப்பா யாராவது போய்ச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்துச் செல்வி தன் குரலைப் பதிந்து அனுப்பிய கேசட் வந்தது.

"அக்கா, கள்ளக்குறிச்சி போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து எழுதித் தரணும்னு அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினாங்க. மறுநாளு காலையில பாத்தா சைக்கிளத் தொடச்சிக்கினு நிக்கிறாரு. பஸ்ஸு இல்ல, பத்து மைலு. நானும் பின்னால ஏறிக்கினேன். பாதி வழியில பெரிய புளியமரத்தை வெட்டிப் போட்டுக்கீறாங்க. மறியல்ல இருந்தவங்க, 'பெரியவரே, ரோடு இல்ல, திரும்புங்க'ன்னாங்க. அப்பா இறங்கி, 'எம் பொண்ணு மஸ்கட்டுல நர்சா கீதுப்பா. பாஸ்போட்டுக்குக் கையெழுத்துப் போடணும். இல்லன்னா அது வேலை போயிடும்'னாரு. எம் பொண்ணுன்னு சொன்னாருக்கா! ரெண்டு பேரு சைக்கிளத் தூக்கி அந்தாண்ட வெச்சாங்க. ஒருத்தரு அப்பாவக் கையப் புடிச்சி மரத்து மேல ஏத்தி இறக்கி விட்டாரு. அந்த மாதிரி நாலு மரம்."

கள்ளக்குறிச்சியில் விசாரித்தவர் எல்லாம் எழுதி முடித்துவிட்டுக் கேட்டிருக்கிறார், "பொண்ணு திரும்பி வருமா, அங்கயே இருந்துடுமா?" அப்பா பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினாராம். பிறகு, "அது வூடு இங்கதானங்க கீது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம்.

கேசட் முடியும் இடத்தில் செல்வி, "நீயும் பேசுப்பா" என்கிறாள். ஒரு இருமல். தூரத்தில் மாடு கத்துகிறது. அப்புறம், "நான் இன்னா பேசறது... ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு." அவ்வளவுதான். அந்த ஒரு வரியை நாடா தேயும்வரை கேட்டேன்.

அடுத்த மாதமே லீவு போட்டு ஊருக்குப் போனேன். அப்பா வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். சாப்பிட்ட பிறகு, "அத்தக் காட்டு" என்றார். பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, தன் பெயரை விரலால் தடவிப் பார்த்து, "இங்க வெச்சா பத்திரமா இருக்கும்" என்று நிலப்பத்திரம் இருந்த இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நான் தடுக்கவில்லை. அந்த முப்பது நாளும் எனக்கு நாடு ஒன்றுதான்.

கிளம்பும் நாளில் கள்ளக்குறிச்சி பஸ் நிலையம்வரை கூட வந்தார். பாஸ்போர்ட் அவர் சட்டைப்பையில் இருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். அப்போதுதான் எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன், அவர் விடவில்லை. பஸ் மெல்ல நகர்ந்தது. அவரும் கூடவே நடந்தார், ஒரு ஓரம் அவர் கையிலும் மறு ஓரம் என் கையிலுமாக.