சைக்கிளுக்குப் போட்ட வண்டி மை

சைக்கிள் சக்கரம் சுழலும் இரும்புக் குண்டுகளுக்கு மசகாக எதைப் போடுவது என்பதில் அந்தக் காலத்து மயிலாடியில் ஆளுக்கொரு கட்சி. நான் வேலைபார்த்த பள்ளிக்கூடத்தின் தலைமை வாத்தியார் தேங்காயெண்ணெய்க் கட்சி. மார்கழிக் காலையில் அது உறைந்துவிட்டால் மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் வருவார். விளக்கெண்ணெய் விட்டவர்களுக்கு ஊர்ப் புழுதியெல்லாம் சக்கரத்துக்குள்தான். நான் நாகர்கோவிலில் டப்பாவில் விற்ற மஞ்சள் கிரீஸ் தவிர வேறெதையும் போடமாட்டேன். அந்த ஆண்டு எனக்குச் சைக்கிள்தான் எல்லாம். என் மனைவி விஷக்காய்ச்சலோடு நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் மிதித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

என் அண்ணனுக்கு அந்த மஞ்சள் கிரீஸைக் கண்டாலே இளக்காரம். அவன் மாட்டுவண்டியில் கல் ஏற்றுகிறவன். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு அவன் போடும் மையை ஊரே மெச்சும். "அம்புட்டுக் கல்லத் தாங்குது, ஒன்னத் தாங்காதா லே?" என்பான். நான் சிரித்து மழுப்பிவிடுவேன்.

ஆடி மாதம் ஒரு நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது, உடனே புறப்படச் சொல்லி. பஸ் சாயங்காலம்தான். வீட்டுக்கு ஓடிச் சைக்கிளை எடுத்தேன். ஏறியதுமே கனத்தது. எதிர்காற்று என்று நினைத்து எழுந்து நின்று மிதித்தேன். சுசீந்திரம் நெருங்கும்போது முன்சக்கரம் நறநறவென்று அரைத்து, அப்படியே நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். அச்சோரம் கறுப்பாக வழிந்திருந்தது. அண்ணன்தான். என் கிரீஸைத் துடைத்தெறிந்துவிட்டு, காலையில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில், வண்டி மையைத் திணித்து, கல்வண்டிக்காரனின் கைப்பலத்தில் அச்சு மரையை இறுக முறுக்கி வைத்திருக்கிறான். வண்டி அச்சு அந்தக் கரியைத் தாங்கும். சைக்கிள் குண்டுக்கு அது மணல். நடுரோட்டில் நின்று வாய்விட்டுக் கத்தினேன். பிறகு சைக்கிளை ஒரு வீட்டு முற்றத்தில் சாய்த்துவிட்டு ஓடினேன்.

நர்ஸம்மா வாசலிலேயே என்னை நிறுத்தினார். "இப்பந்தான் சார். வந்தாச்சா வந்தாச்சான்னு கேட்டுட்டே கெடந்தாவ."

அதற்குமேல் அவர் சொன்ன ஆறுதல் எதுவும் என் காதில் ஏறவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, கல்லறைத் தோட்டத்தில் அண்ணன் என் பக்கத்தில் வந்து குந்தினான். ஆஸ்பத்திரிப் பக்கம் வரவே பயந்தவன் அவன். அவளுக்கென்று அவனுக்குச் செய்யத் தெரிந்தது அந்த மை ஒன்றுதான்.

"நீ வெரசாப் போணும்னு நாந்தாம் லே மை போட்டேன். நல்லாப் போச்சா?"

"போச்சு அண்ணே."

"அப்பம், நீ போவச்சில உசுரு இருந்திச்சா? ஒன்னப் பாத்தாளா?"

கரியும் விளக்கெண்ணெயும் நகக்கண்ணில் கறுத்துக் கிடந்த அவன் கையைப் பார்த்தேன். வாழ்க்கையே வெறுத்துப்போயிருந்தது எனக்கு. அவனுக்கும் ஏன்?

"பாத்தா அண்ணே," என்றேன்.