கோயில் மேட்டுச் சிக்னல்

பொறுமை எனக்குப் பிறவியிலேயே குறைவு. அப்படிப்பட்ட என்னிடம் போய், யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஒரு கட்டற்ற எழுத்து மென்பொருளுக்குத் தமிழில் உதவிக் குழு நடத்தும் வேலையைக் கொடுத்தார்கள். இலங்கை மலையகத்தில், பதுளை பஜாரில் எங்கள் இரும்புக் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து, வரும் கேள்விகளைத் தொண்டர்களுக்குப் பிரித்து அனுப்புவேன். யாருக்கும் சம்பளம் கிடையாது, அதனால் யாரையும் அதட்டவும் முடியாது. கெஞ்சிக் கூத்தாடித்தான் வேலை வாங்க வேண்டும்.

தொண்டர்களின் நேரம் வீணாகக்கூடாது என்று ஒரு விதி போட்டிருந்தேன். தொண்டர் ஒரு படி சொல்வார். கேட்டவர் அதைச் செய்து பார்த்து, திரையில் வருவதைச் சொன்னால்தான் அடுத்த படி. அரை மணி நேரம் பதில் இல்லையென்றால் கேள்வியை மூடிவிடலாம். வெளியூர்க்காரர்களிடம் இது நன்றாகவே ஓடியது. எங்கள் மலைப்பக்கத்து ஆட்கள்தான் உயிரை வாங்கினார்கள். எதைச் சொன்னாலும் சரிங்க என்பார்கள், திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டால் ஆளைக் காணோம்.

ஒரு காலையில் பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் எழுதினாள். வீட்டிலிருந்தே படிக்கும் வெளிவாரிப் பட்டப்படிப்பு மாணவி. மின்சாரம் போய் வந்ததிலிருந்து அவளுடைய ஆய்வேட்டுக் கோப்பு திறக்கவில்லை. மறுநாள் மாலைக்குள் ஒப்படைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். மதுரையில் இருக்கும் தொண்டர் முதல் படியைச் சொன்னார். சரிங்க சேர் என்று எழுதிவிட்டுக் காணாமல் போனாள். அவர் கேள்வியை மூடினார். வெகுநேரம் கழித்து வந்து, திரையில் கண்டதை எழுதி அடுத்த படியைக் கேட்டாள். சொன்னதும் மறுபடி மாயம். அவர் மறுபடி மூடினார். அவள் மூன்றாம் தடவை வந்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நம்பரை வாங்கி நானே அழைத்தேன்.

"தங்கச்சி, கொம்பியூட்டர் முன்னுக்கு உக்காந்துகிட்டுப் பேசுங்க."

"அது கீழ லயத்து வீட்டுல இருக்குங்க சேர். அங்க சிக்னல் இல்ல. நான் கோயில் மேட்டுல நிக்கிறேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது.

ஒவ்வொரு படிக்கும் அவள் மேட்டிலிருந்து இறங்கி, செய்து பார்த்துவிட்டு மறுபடி ஏறி வந்திருக்கிறாள்.

மதுரைக்காரரைப் பிடித்து எல்லாவற்றையும் ஒரே செய்தியாக எழுதச் சொன்னேன். இப்படி வந்தால் இதைச் செய், அப்படி வந்தால் அதைச் செய், மென்பொருள் தானாகச் சேமித்த பிரதி எங்கே இருக்கும் என்பது வரைக்கும். வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். பிறகு மழை பிடித்துக்கொண்டது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கீழே கடைக்குப் போனேன், இரண்டங்குல ஆணி கேட்டவருக்கு மூன்றங்குல ஆணியை நிறுத்துக் கொடுத்து அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், திரும்பவும் மேலே ஓடி வந்தேன். மதுரைக்காரர் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. இந்தத் தடவை அவர் மூடவில்லை.

இருட்டும் நேரத்தில் அழைத்தாள். கோப்பு திறந்துவிட்டது, கடைசிச் சில பக்கங்கள்தான் இல்லை, ராவைக்கே எழுதிவிடுவேன் என்றாள். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. நான் எதையோ சொல்லத் தொடங்குவதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சிக்கங்க சேர். இன்னிக்குப் பூரா ஒங்கள அலைய வச்சிட்டேன்."